எந்தப் பிளக் என்று எனக்கு எப்படித் தெரிந்தது

மைக்கை எங்கே வைப்பது, வயரை எப்படிச் சுற்றுவது என்றெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித்தரப் போவதில்லை. அதற்கு இப்போது ஆயிரம் வீடியோ இருக்கிறது. லண்டன் மேடைகளில் இருபத்தைந்து வருஷம் ஒலி வேலை பார்த்துவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். எனக்குக் காது மந்தம் என்று வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார். அவர் சொல்வது மட்டும்தான் எனக்குக் கேட்பதில்லை, மற்றதெல்லாம் நன்றாகவே கேட்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது ஒரே ஒரு பின்னேரத்தைப் பற்றி. அன்றைக்கு நான் ஒரு பெடியனைக் கொல்லப் பார்த்தேன். அதற்காக எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

முதலில் என் கெட்டித்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் மன்னாரிலிருந்து வந்தவள். கிழக்கு லண்டனில், பிளேஸ்டோவில் எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் யாராவது மைக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. பாடகர் குழுவில் குரல் சரியில்லாதவள் நான்தான் என்பதால் என்னை அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்கள். அந்த மண்டபத்தில் கீபோர்ட்டைக் கரண்டில் பூட்டினால் ஸ்பீக்கரில் ஒரே இரைச்சல். பூசை வைக்கும் பாதரே முகத்தைச் சுளிப்பார். ஒருநாள் பிளக்குக்குள் இருக்கும் எர்த் வயரை வெட்டிப் பார்த்தேன். இரைச்சல் நின்றுவிட்டது. உடனே எர்த் இல்லாத ஒரு எக்ஸ்டென்ஷன் வயரை நானே செய்து, அடையாளத்துக்குப் பிளக்கில் சிவப்பு டேப் சுற்றி வைத்துக்கொண்டேன். எந்த மண்டபத்தில் இரைந்தாலும் என் பையிலிருந்து அது வெளியே வரும். கசிகிற கரண்ட் ஆளுக்கு அடிக்காமல் அதை நிலத்துக்கு இறக்கிவிடத்தான் எர்த் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பத்து வருஷம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாமல் இருந்ததை நான் என் திறமை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஆர்ச்வேயில் ஒரு பழைய நடன மண்டபத்தில் ஒலிக்குப் பொறுப்பாக வேலை கிடைத்தது. எங்கள் பங்கைச் சேர்ந்த சூசை அண்ணையும் அங்கே மேடைச் சாமான் தூக்கி வைக்கும் வேலையில் இருந்தார். இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு கோடைகாலச் சனிக்கிழமை, கொரிய மாணவர்கள் சேர்ந்து பின்னேரக் கச்சேரி ஒன்றுக்கு மண்டபத்தை எடுத்திருந்தார்கள். கொரியப் பாட்டு என்றால் உங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்கு இப்போது மனப்பாடம். அன்று எங்கள் இரண்டு பேருக்கும் அதைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது.

"பவுலின், மேளம் அடிச்சு விசிறி ஆட்டம் ஆடுவினம் எண்டெல்லோ நினைச்சன்," என்றார் சூசை அண்ணை, அவர்கள் இறக்கிய கிற்றார் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு.

"நானும்தான் அண்ணை. காதுக்குப் பஞ்சு எடுத்து வையுங்கோ."

வந்தவர்கள் மூன்று பேர் கொண்ட ராக் குழுவும், அவர்களோடு சேர்ந்து பாட ஒரு ராப்காரரும். குழுவுக்குத் தலைவர் தேஹோ என்ற கிற்றார்காரர், அவர்தான் பாடுகிறவர். வயது இருபத்தெட்டு இருக்கும். பேஸ் கிற்றார் வாசித்துக்கொண்டு கூடவே பாடியவள் ஜியூன், எல்லோரிலும் ஆக இளையவள், இருபத்தொன்றோ இரண்டோ. டிரம்காரர் எந்நேரமும் நித்திரை. மொழிபெயர்க்க ஒரு மாணவி கூட நின்றாள். அழகாக உடுத்து வரிசையில் ஆடிப் பாடும் குழுக்களுக்குத்தான் தங்கள் நாட்டுத் தொலைக்காட்சியில் இடம் என்றும், இவர்கள் தலைநகர் சோலின் நிலவறைக் கிளப்புகளில் வாசிப்பவர்கள் என்றும் அவள் சொன்னாள். ஜியூன் பகலில் குழந்தைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறாள். ராப்காரர் ஸ்கூட்டரில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறவர். தேஹோ இனியும் தள்ளிப்போட முடியாமல் அடுத்த மாதம் கட்டாய இராணுவச் சேவைக்குப் போகிறார். அதற்கு முன்னர் அவருக்கு இருந்தது மூன்றே மூன்று மேடைகள். எங்களுடையது முதலாவது. மற்ற இரண்டும் அடுத்த வாரம், வேறு ஊர்களில்.

அவர்களுடைய மரியாதையைச் சொல்ல வேண்டும். என்னைக் கண்டதும் நாலு பேரும் வரிசையாக நின்று இடுப்பு வளையக் குனிந்தார்கள். நான் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு குடித்தார்கள். வயதில் மூத்தவர் முன் அப்படித்தானாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என் தங்கச்சி பெற்ற பெறாமக்கள் காலை மேசையில் தூக்கிப் போட்டுக்கொண்டு "ஹாய் அன்ரி" என்பார்கள். இந்தப் பிள்ளைகளைப் பாருங்கோ, வளர்ப்பு என்றால் இதுதான் என்று சூசை அண்ணையிடம் சொல்லிக்கொண்டே திரிந்தேன்.

கச்சேரிக்கு முன் வாசித்துப் பார்க்கும் சவுண்ட் செக் தொடங்கியதும் இரைச்சல் வந்தது. மண்டபத்தின் பழைய அம்பிளிஃபயர்கள் இரண்டைத்தான் கிற்றார்களுக்குக் கொடுத்திருந்தோம். இரண்டும் மாட்டுத் தொழுவத்தில் மொய்க்கும் இலையான் கூட்டம் மாதிரி இரைந்தன. எங்கே பிழை என்று முறையாகத் தேட ஒரு மணித்தியாலம் வேண்டும். நான் பையைத் திறந்தேன்.

சூசை அண்ணை கண்டுவிட்டார். "உந்த வயரை இஞ்சையும் கொண்டந்தனியே?"

"கோயில்ல பத்து வருசமா ஓடுது அண்ணை. ஒண்டும் செய்யாது."

"நீ சொன்னாச் சரி," என்று அவர் ஸ்பீக்கரைத் தள்ளப் போய்விட்டார். இரண்டு அம்பிளிஃபயர்களையும் சிவப்பு டேப் எக்ஸ்டென்ஷனில் பூட்டினேன். இரைச்சல் அடங்கிவிட்டது. நாலு பேரும் எனக்குக் கை தட்டினார்கள்.

பிறகு தேஹோ பாடத் தொடங்கினார். இரண்டாவது வரியில் மைக்கில் உதடு பட்டதும் தலையை வெடுக்கென்று பின்னால் இழுத்தார். உதட்டைத் தடவிப் பார்த்தார். ஜியூனைப் பார்த்தார், அவள் நிலத்தைப் பார்த்தாள். அவர் காற்சட்டைப் பையிலிருந்து முகம் துடைக்கும் லேஞ்சியை எடுத்து, மைக்கின் தலையில் சுற்றி இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு மறுபடி பாடினார்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஸ்டைல் என்று நினைத்தேன். ராக் பாடுகிறவர்கள் மைக்கில் எதையாவது கட்டித் தொங்கவிடுவார்கள்தானே. "வடிவாயிருக்கு," என்று சூசை அண்ணையிடம் வேறு சொன்னேன். கிற்றார்க் கம்பியால் வந்த கரண்ட் உதட்டில் அடித்த ஒருவன் தன்னைக் காப்பாற்றத் துணி சுற்றுவதை என் இரண்டு கண்ணாலும் பார்த்து, வடிவு என்று சொன்ன ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு உடம்பு கூசுகிறது.

முடிந்ததும், "எல்லாம் சரிதானே?" என்று கேட்டேன். வரிசையாகக் குனிந்தார்கள். "மிக நன்று, நன்றி," என்றார் தேஹோ. அவர் அதைச் சொன்னபோது நான் பாதி வழி போய்விட்டேன். பின்னறையில் என் கோப்பி ஆறிக்கொண்டிருந்தது.

கச்சேரி ஐந்து மணிக்குத் தொடங்கியது. உயரமான ஜன்னல்களால் வெயில் விழுந்துகொண்டிருந்தது. முன்னூறு பேருக்குமேல் நின்றார்கள், இருபது வயசுகள். முதல் பாட்டிலேயே நான் ஆடிப்போய்விட்டேன். வெளியே அவ்வளவு பணிவாக நின்ற பிள்ளைகளா இவர்கள்? தேஹோவின் கழுத்து நரம்பு புடைத்து நின்றது. பரீட்சைக்குப் படித்துப் படித்தே மூளை கலங்கிப்போன நண்பனைப் பற்றிய பாட்டு அது என்று மாணவி என் காதுக்குள் கத்தினாள். ராப்காரர் வந்து, பனியில் துவக்கோடு காவல் நின்ற தன் இரண்டு வருஷத்தை மூச்சு விடாமல் கொட்டினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, மாணவி சொல்லித்தான் தெரியும். ஆனால் இராணுவத்துக்கு அள்ளிக்கொண்டு போகப்படும் பெடியனின் குரல் எந்த மொழியில் வந்தாலும் மன்னாரில் பிறந்தவளுக்கு விளங்கும். நான் மேடை ஓரத்து ஒலி மிக்சரில் கையை வைத்தபடி அழுதுவிட்டேன்.

ஐந்தாவது பாட்டில் ராப்காரர் தண்ணீர்ப் போத்தல்களைத் திறந்து சனத்தின் மேல் வீசத் தொடங்கினார். கோடைக் கச்சேரியில் அவர்களுக்கு அது வழக்கமாம். சனமும் திருப்பி வீசியது. மேடை, ஆட்கள், கிற்றார் எல்லாம் தெப்பம். தேஹோவின் தலைமயிரிலிருந்து தண்ணீர் வழிந்தது. மைக்கில் கட்டிய லேஞ்சியும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. நான் சிரித்துக்கொண்டு நின்றேன்.

பாட்டு ஓரிடத்தில் திடீரென்று நிற்க வேண்டும். தேஹோ வலது உள்ளங்கையால் கிற்றார்க் கம்பிகளை அழுத்தி நிறுத்தி, இடது கையால் மைக்கைப் பொத்திப் பிடித்தார்.

பிடித்த கை மைக்கை விடவில்லை.

உடம்பு விறைத்து வில்லாக வளைந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. ஸ்பீக்கர் மட்டும் உறுமியது. சனம் அதை ஆட்டம் என்று நினைத்து விசில் அடித்தது. ராப்காரரும் அப்படித்தான் நினைத்திருப்பார், சிரித்துக்கொண்டே கிட்டப் போனார். மறுபக்கத்தில் சூசை அண்ணைக்கு விளங்கிவிட்டது. பெடியனைப் பிடித்து இழுக்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு ஓடினார்.

"தொடாதேங்கோ! அண்ணை, தொடாதேங்கோ!"

எனக்கு அப்படி ஒரு குரல் இருக்கிறது என்று அன்றுதான் தெரியும். அண்ணை அப்படியே நின்றார். ராப்காரரும் திடுக்கிட்டு நின்றார். அந்தப் பழைய மண்டபத்தில், இப்போது உள்ளதுபோல ஆளுக்குக் கரண்ட் அடித்த கணத்தில் தானாகவே துண்டிக்கும் சுவிட்ச் மேடைக்கு இல்லை. திரைக்குப் பின்னால் சுவர் ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு பிளக்குகள் ஒரே குவியலாகக் கிடந்தன. நான் மூன்று பாய்ச்சலில் போய், யோசிக்காமல் ஒன்றைப் பிடித்து இழுத்தேன். சிவப்பு டேப் சுற்றிய பிளக் என் கையில் இருந்தது.

தேஹோ சாக்குமூட்டை மாதிரி விழுந்தார். மூச்சு இல்லை. மாதாவே, மாதாவே என்று கத்திக்கொண்டு நான் அவருடைய நெஞ்சில் கையை வைத்த நேரம் ஒரு இருமல் வந்தது. அந்த இருமலைப்போல ஒரு சத்தத்தை நான் என் வாழ்க்கையில் எந்த ஸ்பீக்கரிலும் கேட்டதில்லை.

அம்புலன்ஸ் அவரைக் கொண்டுபோனது. இடது உள்ளங்கையில் ஆழமான தீக்காயம். நான் படிக்கட்டில் குந்திக்கொண்டிருந்தேன். மண்டப மனேஜர் வந்து என் தோளில் கை வைத்தார். நல்ல மனுஷன், வெள்ளைக்காரர், எதற்கும் பதறாதவர். அன்று அவருக்கே கண் கலங்கியிருந்தது.

"நீ அவனுடைய உயிரைக் காப்பாற்றிவிட்டாய்," என்றார். "அத்தனை பிளக் கிடந்ததே. எந்தப் பிளக் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?"

என் கைப்பை மடியில் இருந்தது. அந்த எக்ஸ்டென்ஷன் அதற்குள் சுருண்டு கிடந்தது. எப்போது எடுத்து வைத்தேன் என்று எனக்கே ஞாபகம் இல்லை. கை தானாகச் செய்திருக்கிறது.

"அனுபவம்," என்றேன்.

ஆம், பிள்ளைகள். அந்த ஒரு சொல்லைத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு விபத்துப் புத்தகத்தில் எழுதினார்: குழுவினர் தங்கள் நாட்டிலிருந்து கொண்டுவந்த, இந்த நாட்டு மின்சாரத்துக்குப் பொருந்தாத கருவிகள் காரணமாக இருக்கலாம். தேஹோவின் காலடியில் கிற்றார்ச் சத்தத்தை மாற்றும், இரண்டு முள்ளுப் பிளக் உள்ள கொரியப் பெட்டி ஒன்று இருந்தது உண்மைதான். அது ஒரு பாவமும் செய்யவில்லை. மனேஜர் அத்தோடு நிற்காமல் மற்ற இரண்டு மண்டபங்களுக்கும் போன் எடுத்து, இந்தக் குழுவின் சாமான் ஆபத்தானது, கவனம் என்றார். என் கண்முன்னாலேயே அந்த இரண்டு மேடைகளும் போயின. நான் வாயைத் திறக்கவில்லை. சூசை அண்ணை என்னைப் பார்த்தார். அவரும் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி மண்டபத்துக்குப் பக்கத்து மேட்டில்தான். நடந்தே போனேன். தேஹோ கட்டிலில் சாய்ந்திருந்தார், கையில் பெரிய கட்டு. என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். முடியாமல், இருந்த இடத்திலேயே தலையைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். மாணவி மொழிபெயர்த்தாள்: "உங்கள் மண்டபத்தில் இவ்வளவு பெரிய தொந்தரவு தந்ததற்கு மன்னிக்கச் சொல்கிறார். உங்களுக்கு நன்றி சொல்கிறார்."

நான் கொல்லப் பார்த்த பெடியன் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறான். ஒரு சாட்டுச் சொல்லிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

வார்டுக்கு வெளியே நடையில் ஜியூன் இருந்தாள், இன்னும் ஈரச் சட்டையோடு. பக்கத்தில் போய்க் குந்தினேன். அவள் தன் கீழுதட்டைத் தொட்டுக் காட்டினாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்: "எனக்கும். சவுண்ட் செக்கில். மூன்று தரம்."

"மூன்று தரமா? ஏன் சொல்லவில்லை?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். இது தெரியாதா என்ற பார்வை. "தேஹோ அண்ணன் ஒன்றும் சொல்லவில்லையே. நான் எப்படிச் சொல்வது? அண்ணன் எப்படி உங்களிடம் சொல்வது? நீங்கள் எங்கள் அம்மாவின் வயது. எங்களுக்காக ஓடி ஓடி வேலை செய்தீர்கள்."

இது எனக்குத் தெரியாத வழக்கமா? எங்கள் வீட்டில் ஐயா பழுதான மீனை வாங்கி வந்தாலும் நாங்கள் வாய் திறக்காமல் சாப்பிட்டோம். சூசை அண்ணை என் வயரைக் கண்டும் "நீ சொன்னாச் சரி" என்று போனார், நான் பொறுப்பாளி என்பதால். கொரியாவில் இருந்து வந்த மரியாதை எனக்குப் புதிதே இல்லை. அதை எனக்குக் காட்டியபோது இனித்ததால் அதற்குள் என்ன இருக்கிறது என்று நான் பார்க்கவில்லை.

நடையின் முடிவுக்குப் போய் மனேஜருக்குப் போன் எடுத்தேன்.

"எந்தப் பிளக் என்று எப்படித் தெரியும் என்று கேட்டீர்களே," என்றேன். "அதை அங்கே பூட்டியவள் நான். எர்த் வயரை வெட்டியவளும் நான். அது இப்போது என் கைப்பையில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளின் சாமானில் ஒரு பிழையும் இல்லை."

"அதை அப்படியே கொண்டு வா," என்றார் மனேஜர். அவ்வளவுதான். அவர் எழுதியதை வெட்டித் திருத்தினார், மற்ற மண்டபங்களுக்கும் மறுபடி போன் எடுத்தார். நான் மாதக்கணக்கில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டேன். மின்சாரப் படிப்பை முதலில் இருந்து படித்துப் பாஸ் பண்ணிய பிறகுதான் என்னை மிக்சரைத் தொட விட்டார்கள். அந்த இரண்டு கச்சேரிகளும் நடந்தன என்று மாணவி பிறகு சொன்னாள். தேஹோ கட்டுப் போட்ட கையோடு பாட மட்டும் செய்தாராம். கிற்றார் வர வேண்டிய இடமெல்லாம் ஜியூன் தன் பேஸால் நிரப்பினாளாம்.

அதெல்லாம் பிறகு. அன்று நான் போனை வைத்துவிட்டு மறுபடி கட்டிலடிக்குப் போனேன். சிவப்பு டேப் பிளக்கை வெளியே எடுத்துப் போர்வையின் மேல் வைத்தேன். மாணவியிடம், ஒரு சொல்லும் விடாமல் சொல்லு என்று கேட்டுக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

தேஹோ பிளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முதல் தடவையாக அவர் என் முன் தலையைத் தாழ்த்தவில்லை. பிறகு தொடங்கினார். மேடையில் கேட்ட அதே குரல். கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு, கட்டுப் போட்ட கையைத் தூக்கித் தூக்கிக் காட்டி ஏசினார். நேர்ஸ் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். ஜியூன் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் அசையாமல் நின்றேன். அன்று காலையிலிருந்து எனக்குக் கிடைத்த வணக்கங்கள் எல்லாவற்றையும் விட அந்த ஏச்சு எனக்கு ஆறுதலாக இருந்தது. அது மத்தியானம் சவுண்ட் செக்கிலேயே வந்திருக்க வேண்டிய ஏச்சு.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டேன்.

மாணவி தலையை ஆட்டினாள். "பெரியவர்களிடம் சொல்லக்கூடாத சொற்கள். என்னால் முடியாது."

"ஒரு வசனமாவது சொல்லு, பிள்ளை."

அவள் தேஹோவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் களைத்துப்போய்த் தலையணையில் சாய்ந்திருந்தார். அவள் மிகச் சின்னக் குரலில் சொன்னாள்:

"எல்லாம் சரியா என்று கேட்டீர்களாம். தான் சொல்ல வாயைத் திறந்தபோது, உங்கள் முதுகைத்தான் கண்டாராம்."

அதற்குப் பிறகு நான் வேலை செய்த ஒவ்வொரு மேடையிலும் அந்தக் கேள்வியை ஆக இளையவரிடம் முதலில் கேட்டேன், தனியாகக் கூப்பிட்டு, கிட்டப் போய் நின்று. கேட்டுவிட்டு நின்றேன். சிலர் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார்கள், கையைப் பிசைவார்கள், மூத்தவர் எங்கே நிற்கிறார் என்று பார்ப்பார்கள். அந்த ஒரு நிமிஷம் நில்லுங்கள், பிள்ளைகள். உங்கள் கோப்பி ஆறட்டும்.